கண்ணாடிக்குக் கண் வைத்த கதை

"இன்னாடா உன் கண்ணாடி, என்னைப் பார்த்ததும் தூங்கிடுது?" என்று அம்மா கேட்டபோது அதைச் சுவரில் மாட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. போன பொங்கல் விடுமுறையில், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடிக்குள்ளேயே மணி, வானிலை, மகளின் பரீட்சைத் தேதி, தண்ணி லாரிக்குப் பதிந்த நாள் எல்லாம் வெள்ளை எழுத்தில் தெரியும். ஆள் வந்தால் திரை எரிய வேண்டும், போனால் அணைய வேண்டும், அவ்வளவுதான் நான் அதனிடம் கேட்டது. அந்த ஒரு விஷயத்துக்கு ஒரு வருடம் ஓடிவிட்டது, நாலு வகை சென்சார் வாங்கிவிட்டேன், சட்டம் செய்து கொடுத்த ஆசாரி அண்ணன் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார்.

கண்ணாடி செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ரிச்சி தெருவில் பழைய 19 இஞ்ச் மானிட்டர், வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 3 (குட்டிக் கணினி, இனி வெறும் 'பை'), பாரிமுனைப் பக்கம் வெட்டி வாங்கிய ஒருவழிக் கண்ணாடி அக்ரிலிக் (முகமும் தெரியும், பின்னால் எரியும் திரையும் தெரியும் பிளாஸ்டிக் தகடு), இலவசமாகக் கிடைக்கும் மேஜிக்மிரர் மென்பொருள். இதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் சென்சாரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் "ஒரு பி.ஐ.ஆர். மாட்டிவிடுங்கள்" என்று, அதாவது உடம்புச் சூட்டை வைத்து ஆள் அசைவதைக் கண்டுபிடிக்கும் சென்சார், ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், என் ஒரு வருடம் போனது அந்த ஒரு வரியில்தான்.

சென்சாரே இல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். என் மானிட்டர் 25 வாட் இழுக்கிறது. நாள் முழுக்க எரிந்தால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். இலவசமாகக் கிடைத்த நூறு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு கண்ணாடிக்கே போய்விடும். அதைவிடப் பெரிய காரணம், அம்மா கூடத்தில்தான் படுப்பார். கறுப்புத் திரை என்றாலும் பின்விளக்கு எரியும், ராத்திரியில் கூடம் முழுக்க ஒரு நீல வெளிச்சம், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி.

சரி, முதல் நாள் கதைக்கு வருவோம். நான் வாங்கியது எல்லோரும் வாங்கும் எச்.சி-எஸ்.ஆர்.501. வெள்ளைக் குமிழ் வைத்த, பச்சைப் பலகை சென்சார். அதைக் கண்ணாடிக்குப் பின்னால், மானிட்டர் ஓரத்தில் ஒட்டி, வெளியே எதுவும் தெரியாமல் அழகாக மூடிவிட்டேன். டி.வி. ரிமோட் கண்ணாடி வழியாக வேலை செய்கிறதே, இதுவும் அகச்சிவப்புதானே என்று நினைப்பு. அங்கேதான் விழுந்தேன். ரிமோட்டின் ஒளி ஒரு மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவு, அது கண்ணாடிக்குள் புகுந்து போகும். நம் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் பத்து மைக்ரானை ஒட்டியது, அதற்குக் கண்ணாடியும் அக்ரிலிக்கும் செங்கல் சுவர்தான். வெயிலில் நிறுத்திய கார் உள்ளே வெந்து போவதற்கும் இந்தக் குணம் ஒரு காரணம்: வெளிச்சம் உள்ளே போகிறது, வெப்பக் கதிர் வெளியே வர முடிவதில்லை. சென்சாரின் அந்த வெள்ளைக் குமிழைப் பாலித்தீனில் செய்வதும் அதனால்தான், அது வெப்பக் கதிரை விடும். ஆக, பி.ஐ.ஆர். வாங்கினால் அதன் முகம் வெளியே தெரிந்தே ஆக வேண்டும். ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டு, பாலிஷ் போட்ட தேக்குச் சட்டத்தில் 23 மில்லிமீட்டர் ஓட்டை போடச் சொன்னேன். "மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி" என்றார். அது முதல் ஏச்சு.

ஓட்டை போட்ட பிறகு திரை எரிந்தது. எரிந்தது, அணையவே இல்லை. அந்தப் பலகையில் இரண்டு ஆரஞ்சுத் திருகுகள் உண்டு. ஒன்று எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கு, இன்னொன்று ஆளைக் கண்டபின் எவ்வளவு நேரம் "ஆள் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு. இரண்டாவது சில விநாடியிலிருந்து ஐந்து நிமிடம் வரை போகும், எனக்கு வந்தது கடைசி வரை திருகியே வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் யாராவது குறுக்கே போவார்கள், மறுபடி ஐந்து நிமிடம். நான் சென்சார் கெட்டுப்போனது என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. இப்போது என் வழக்கம், நேரத் திருகை முழுக்கக் குறைத்துவிடுவது. எத்தனை நேரம் திரை எரிய வேண்டும் என்பதை பைத்தானில் எழுதுவேன், நினைத்தால் மாற்றலாம், ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டாம். பக்கத்தில் எச், எல் என்று ஒரு ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் குட்டி மூடி) இருக்கும், அது எச்-இல் இருக்கட்டும். எல்-இல் இருந்தால் ஆள் அசைந்துகொண்டே இருந்தாலும் நேரம் முடிந்ததும் சிக்னல் ஒருமுறை விழுந்து எழும்.

இன்னொன்று, கரன்ட் கொடுத்ததும் இந்த சென்சாருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் நிதானம் வர வேண்டும். அதுவரை சும்மா சும்மா ஆள் ஆள் என்று கத்தும். எங்கள் பக்கம் கரன்ட் போய் வருவது தெரிந்ததுதான், ஒவ்வொரு முறையும் இந்தக் கூத்து நடக்கும். முதல் ஒரு நிமிடம் அது சொல்வதைக் காதில் வாங்காதே என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

கம்பி மாட்டுவதில் இரண்டு எச்சரிக்கை. எந்தப் பின் (கம்பி மாட்டும் ஊசி) எதற்கு என்ற எழுத்து இந்தப் பலகையில் குமிழுக்கு அடியில் ஒளிந்திருக்கும், மெல்ல நெம்பினால் குமிழ் கழன்று வரும், பார்த்துவிட்டு மாட்டுங்கள். படத்தைப் பார்த்து மாட்டாதீர்கள், ஒவ்வொரு தயாரிப்பிலும் வரிசை மாறுகிறது. குட்டி பி.ஐ.ஆர். சென்சாரான ஏ.எம்.312-ஐ நான் அப்படிப் படத்தை நம்பி மாற்றி மாட்டி, விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அடுத்தது பையின் பக்கம்: மென்பொருளில் ஒரு பின்னை ஜி.பி.ஐ.ஓ. 4 என்று சொன்னால் வரிசையில் நாலாவது பின் என்று அர்த்தம் இல்லை, அது ஏழாவது பின். நாலாவது பின்னில் வருவது 5 வோல்ட். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க இதில் போனது, கேட்டால் சிரிப்பீர்கள்.

எது பழுது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரித்துப் போடும் பழக்கத்தை விட்டதுதான் இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். முதலில் பையைக் கழற்றி வைத்துவிட்டு, சென்சாருக்கு 5 வோல்ட் மட்டும் கொடுத்து, வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்துக் கையை ஆட்டுங்கள். 3.3 வோல்ட் வந்து போனால் சென்சார் நல்லது. ஒரு சிவப்பு எல்.இ.டி. மாட்டினாலும் தெரியும், மங்கலாகத்தான் எரியும், பயப்பட வேண்டாம். அது சரி என்றால் பிறகு பை, அதற்குப் பிறகு திரை. எனக்கு ஒருமுறை மென்பொருளைப் புதுப்பித்த அன்று திரை அணைவது நின்றுபோனது. இரண்டு நாள் சென்சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், திரையை அணைக்கும் பழைய கட்டளை புதிய பதிப்பில் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துவிடுகிறது, அதற்கு வேறு கட்டளை போட வேண்டும். சென்சார் பாவம், தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகும் அம்மாவின் புகார் நிற்கவில்லை. தெருக்கதவிலிருந்து கண்ணாடியை நோக்கி நேராக நடந்து வந்தால் கிட்டே வந்த பிறகுதான் எரியும். மகள் பக்கவாட்டில் ஓடினால் உடனே எரியும். பி.ஐ.ஆருக்குள் இரண்டு உணரும் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றில் பட்டு அடுத்ததில் வெப்பம் படும்போது வரும் வித்தியாசத்தைத்தான் அது அசைவு என்று கொள்கிறது. குறுக்கே போகிறவரைப் பளிச்சென்று பிடிக்கும், நேரே வருகிறவரிடம் தடுமாறும். எங்கள் வீடோ ரயில் பெட்டி மாதிரி நீளம், கண்ணாடி இருப்பது கடைசிச் சுவர், எல்லோரும் நேரேதான் வருவோம். ஒரு வாரம் யோசித்த பிறகுதான் உறைத்தது, சென்சார் கண்ணாடியிலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பழைய லான் கேபிளில் மூன்று இழையைப் பயன்படுத்தி, கூடத்தின் பக்கச் சுவரில், ஒன்றரை மீட்டர் தள்ளி, வேறொரு ஏ.எம்.312-ஐ வைத்தேன். அது சின்னது, ஸ்விட்ச் பாக்ஸ் ஓரத்தில் ஒட்டினால் கண்ணில் படாது. கண்ணாடிக்கு வருகிற எவரும் இப்போது அதன் குறுக்கேதான் போயாக வேண்டும். தேக்குச் சட்டத்தில் போட்ட ஓட்டை வீணானது ஆசாரி அண்ணனுக்கு இன்னும் தெரியாது.

காலை எட்டு மணிக்குக் கிழக்கு வாசல் வழியாக வெயில் தரையில் விழும்போது தானாக எரிந்ததற்கு மருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப். குமிழில் வாசலைப் பார்க்கும் பாதியை மூடிவிட்டேன். தெருவில் போகிறவர்கள், அம்மா சோறு வைக்கும் பூனை, எல்லாம் ஒரே டேப்பில் அடங்கின.

ராத்திரி ஆவிதான் அடங்கவில்லை. இரண்டு மணிக்கு, மூன்று மணிக்குத் திடீரென்று கண்ணாடியில் மணி தெரியும், யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா வேப்பிலை செருகிவிட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. சென்சார் எழும் ஒவ்வொரு முறையும் நேரத்தை ஒரு கோப்பில் எழுதும்படி இரண்டு வரி சேர்த்தேன். மறுநாள் பார்த்தால் 1.12, 1.34, 1.57, 2.19 என்று போகிறது. ஆவி இவ்வளவு ஒழுங்காக டைம் டேபிள் போட்டு வராது. அடுத்த இரவு கூடத்தில் இருட்டில் உட்கார்ந்தேன். சமையலறையில் ஃப்ரிட்ஜ் 'டக்' என்று உறும ஆரம்பித்தது, அதே நொடியில் கண்ணாடி விழித்தது. கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கும் அந்த உதறல் என்னுடைய மலிவு செல்போன் சார்ஜர் வழியாகப் பைக்கும் சென்சாருக்கும் போயிருக்கிறது, நீளமான கம்பி வேறு. பைக்கு உரிய 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வாங்கினேன். அந்த உதறலை விழுங்க, சென்சாரின் மின்கம்பிகளுக்கு இடையில் ஒரு 100 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், சிக்னல் கம்பியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். கடைசியாக ஒரு சின்னத் தந்திரம்: ஏ.எம்.312 நிஜமாக ஆளைப் பார்த்தால் அதன் சிக்னல் இரண்டு விநாடியாவது மேலேயே நிற்கும், ஆகவே அரை விநாடிக்குள் விழுந்துவிடும் துடிப்பு பொய். மென்பொருளில் அதைத் தள்ளிவிட்டேன். இன்னும் ஒன்றிரண்டு பொய் மிச்சம் இருந்தன, அவை பையின் வைஃபையால். சென்சாரை ஒரு சாண் தள்ளி வைத்ததும் போயின.

அப்புறம் கத்திரி வெயில் வந்தது. மொட்டை மாடி நேரே மேலே, சாயங்காலம் ஏழு மணிக்கும் சுவரைத் தொட்டால் தோசைக் கல் மாதிரி இருக்கும். ஜனவரியில் மூன்று மீட்டரில் பிடித்த அதே சென்சார் மே மாதம் ஒரு மீட்டருக்கு வந்தால்தான் பிடித்தது, சில நாள் அதுவும் இல்லை. பழுது ஒன்றும் கிடையாது. பி.ஐ.ஆர். பார்ப்பது மனிதனை அல்ல, மனிதனுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. நம் தோலும் சட்டையும் 33, 34 டிகிரியில் இருக்க, சுவரும் அதே சூட்டில் நின்றால் அதற்கு நாம் சுவரோடு சுவர். குளிர்நாட்டில் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு ஏழு மீட்டர் எட்டும் என்று நம்பினால் சென்னை மே மாதத்தில் ஏமாற்றம்தான்.

சூட்டைப் பற்றிக் கவலைப்படாத ஒன்று வேண்டும் என்று ஆர்.சி.டபிள்யூ.எல்-0516 வாங்கினேன். மலிவான ரேடார், மூன்று கிகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேல், மரம், பிளாஸ்டிக் எல்லாம் தாண்டிப் பார்க்கும், ஓட்டை வேண்டாம். ஆசாரி அண்ணனைக் கூப்பிட வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். மாட்டினேன். நிற்காமல் எரிந்தது. யாருமே இல்லாத கூடத்தில் எரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போன மூன்று நாள் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. நம் பக்கத்து வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர்தான், அதற்கு அந்தப் பக்கம் அக்காவின் சமையலறை. அவர் குழம்பு தாளிக்கும்போதெல்லாம் என் கண்ணாடி விழித்திருக்கிறது. பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா மூடியை வைத்துப் பார்த்தேன், குறைந்தது, நிற்கவில்லை. தூரத்தைக் குறைக்கத் திருகும் கிடையாது. தனி வீட்டுக்காரர்களுக்கு அது சரிப்படலாம், வடசென்னை ஒட்டு வீட்டுக்கு வேண்டாம்.

கேமரா வைத்து முகத்தைப் பார்க்க வைக்கலாம் என்றேன், மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக்கைத் தொடவில்லை. அதன் எக்கோ பின்னில் 5 வோல்ட் வரும், பையின் பின்கள் 3.3-க்கு மேல் தாங்காது, நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட மறந்தால் பையே போய்விடும். என் மறதி எனக்குத் தெரியும்.

பி.ஐ.ஆரிலேயே இன்னொரு குறை மீதி இருந்தது. அசையாமல் நின்றால் அதற்கு ஆள் இல்லை. நான் ஷேவ் செய்யும்போது, மனைவி கண்மை வைக்கும்போது, அம்மா பொட்டை நேராக வைக்க மூச்சைப் பிடித்து நிற்கும்போது, டப்பென்று அணையும். கண்ணாடி முன்னால் மனிதர்கள் செய்வதே அசையாமல் நிற்பதுதான். இதற்கு எல்.டி.2410சி சரியாக வந்தது. 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார், மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூடப் பிடிக்கும். வாங்கும்போது கடைசி எழுத்தைக் கவனியுங்கள், சி என்று முடிவதில் பின்களுக்கு நடுவில் வழக்கமான 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. சி இல்லாததில் அதில் பாதி, நம் குத்தி மாட்டும் ஜம்பர் கம்பி ஏறாது, பற்ற வைக்கக் கண்ணும் கையும் இளமையாக இருக்க வேண்டும். அதன் அவுட் பின்னை மட்டும் பையில் மாட்டினால் போதும், ஆள் இருந்தால் 3.3 வோல்ட். இதையும் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள், அக்ரிலிக்கில் இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு ரேடாரைத் திருப்பி அடித்துவிடும். சட்டத்தின் அடிப்பலகைக்குப் பின்னால், மெல்லிய பிளைவுட்டுக்கு உள்ளே வைத்தேன், அங்கிருந்து நன்றாகப் பார்க்கிறது.

இப்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. எழுப்புவது சுவரில் இருக்கும் ஏ.எம்.312, எழுந்ததைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது ரேடார். ரேடார் தனியாக எழுப்ப அனுமதி இல்லை, அதனால் மின்விசிறி சுழல்வதற்கெல்லாம் திரை எரியாது. இரண்டுமே ஆள் இல்லை என்று சொல்லி நாற்பது விநாடி ஆனால் அணைந்துவிடும்.

நடுவில் உப்புக் காற்று தன் பங்குக்கு வந்தது. புரட்டாசியில் ஒருநாள் சென்சார் செத்துப்போனது. கம்பியை ஆட்டினால் உயிர் வரும், விட்டால் போகும். ஜம்பர் கம்பியைக் கழற்றிப் பார்த்தால் பின் மேல் பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி. காசிமேடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். கொலுசே கறுத்துப்போகிற ஊரில் இந்தப் பத்து ரூபாய் கம்பி எம்மாத்திரம். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நேரே ஈயம் வைத்துப் பற்றினேன். இணைப்புகள் மேல் மகளின் நெயில் பாலிஷ், பக்கத்தில் கிடைத்தது ரோஸ் கலர். குமிழில் படாமல் பார்த்துக்கொண்டேன். இதுவரை பச்சை வரவில்லை. எட்டு மாதத்துக்கு மேல் ஓட வேண்டும் என்றால் கடலோரத்தில் குத்தி மாட்டும் கம்பியே வேண்டாம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கடைசிக் குழப்பம். ராத்திரி அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் கண்ணாடி எரியும், சரி, பிறகு விடியும் வரை அணையாது. ரேடார் ஆள் இருக்கிறார் என்று அடித்துச் சொல்கிறது. செல்போனில் புளூடூத் வழியாக அதன் செயலியைத் திறந்தால் ஒவ்வொரு முக்கால் மீட்டர் கட்டத்திலும் என்ன தெரிகிறது என்று கோடுகளாகக் காட்டும். முதல் இரண்டு கட்டம் அமைதி. இரண்டரை மீட்டர் தள்ளி யாரோ நிதானமாக மூச்சு விடுகிறார்கள். விளக்கைப் போட்டேன். மழைக்குக் கூடத்தில் கட்டிய கொடியில் அம்மாவின் ஈரப் புடவை மின்விசிறிக் காற்றில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ரேடார் பார்க்கும் தூரத்தை ஒன்றரை மீட்டரோடு நிறுத்தினேன், சரியாகிவிட்டது. "கண்ணாடிக்குத் தெரியாத இடமா பார்த்துக் காயப் போடு" என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், மழைக்கு இடம் போதாமல், ஒரு துண்டு அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.